கேட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோருக்கு

ஜூன் வந்தால் நகையை அடகு வைக்கிறோம், சீட்டுப் பணத்தை எடுக்கிறோம், டெர்ம் ஃபீஸ் கட்டுகிறோம். வேனுக்குத் தனி, நோட்டுப் புத்தகத்துக்குத் தனி. சில இடங்களில் ரசீதில் ஒரு தொகை, கையில் வாங்குவது ஒரு தொகை. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு, பள்ளிக்குப் பள்ளி கட்டணத்தை நிர்ணயிக்கிறது. உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு அது எவ்வளவு? தெரியாது. கேட்கவும் மாட்டோம். ‘டி.சி. வாங்கிக்கிட்டுப் போங்க’ என்றுவிடுவார்களே! பால்காரர் ஒரு ரூபாய் ஏற்றினால் வாசலில் நிறுத்தி வழக்காடுகிறவர்களும் நாம்தான்.

அட்மிஷன் சமாசாரம் இன்னும் மோசம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு, நேர்காணல் என்று வடிகட்டக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். (சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு.) நாமோ இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்து, எங்கே வேலை, எவ்வளவு சம்பளம் என்ற கேள்விக்கெல்லாம் பவ்வியமாகப் பதில் சொல்லிவிட்டு, சீட் கிடைத்ததும் தெருவுக்கே ஸ்வீட் கொடுக்கிறோம்.

சரி, நாம் விட்டுவிட்டு வந்த அரசுப் பள்ளி என்ன ஆனது? 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர், 60-ஐத் தாண்டினால் மூன்று, 90-ஐத் தாண்டினால் நான்கு. இதுவும் அதே சட்டத்தின் கணக்குதான். நாம் வேனில் ஏற்றி அனுப்பும் ஒவ்வொரு பிள்ளையாலும் அங்கே ஒரு ஆசிரியர் பணியிடம் ஆட்டம் காண்கிறது. பிறகு, ‘அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சர், அங்க எப்படிச் சேர்க்கிறது?’ என்று நாமே கேட்கிறோம். அந்த நிலைமைக்கு நம் கையும் உடந்தை.

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கழிப்பறை முதல் ஆசிரியர் வருகை வரை கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடுகிற தாய் எத்தனை முறை வருவார்? மனு எழுதத் தெரிந்த நாம், எந்த அதிகாரிக்கு போன் போட வேண்டும் என்று தெரிந்த நாம், வேறொரு கேட்டுக்கு வெளியே டைரியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அரசுப் பள்ளி ஆசிரியர்களிலேயே எத்தனை பேரின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள்? அரசிடம் சம்பளம் வாங்குவோர் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-இல் உத்தரப் பிரதேசத்துக்கு உத்தரவிட்டது. அது காகிதத்தோடு நின்றது.

காசு கொடுத்து நாம் வாங்கியது என்ன? பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டி, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளைத் தேடித்தேடிப் பிள்ளைகளை விடுதியில் விட்டோம். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு கொடுத்ததும், ‘எங்க பிள்ளைங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?’ என்று வாட்ஸ்அப்பில் புலம்பினவர்களும் நம்மில் உண்டு.

வீட்டிலேயே படிக்க வைத்து, தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பு எழுதவைக்கும் நண்பர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பெற்றோரில் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்க முடிகிற குடும்பத்துக்கே அது ஆகும். அதைப் போய் நாட்டுக்கே வழி என்று பேசாதீர்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளையை நாளைக்கே பிடுங்கி நடச் சொல்லவில்லை. அடுத்த குழந்தைக்கு எல்.கே.ஜி. ஃபார்ம் வாங்க விடியற்காலையில் வரிசையில் நிற்பதற்கு முன், பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஆங்கில வழி வேண்டும் என்பவர்களுக்கு, 2012-13 முதலே பல அரசுப் பள்ளிகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: ஒன்றாம் வகுப்புக்குத் தனி ஆசிரியர் உண்டா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? மேலாண்மைக் குழு கடைசியாக எப்போது கூடியது? பதில் திருப்தியாக இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு எழுதுங்கள், கிராம சபையில் எழுந்து கேளுங்கள், நகரமென்றால் கவுன்சிலர் வீட்டுக்குப் போங்கள். அதற்கு உங்கள் பிள்ளை அங்கே படிக்க வேண்டும் என்றுகூட இல்லை.