எத்தனை அரைப்பேர்?

மலையகத்திலிருந்து சமூகவியல் முதுமாணிக்குப் போகிற எங்களிடம் தவறாமல் கேட்பார்கள்: "உங்கட சனத்தைப் பற்றி நீங்களே எழுதினா நடுநிலை எப்படி வரும்?" கொழும்பில் வளர்ந்து கொழும்பு நடுத்தர வர்க்கத்தைப் பற்றி எழுதுகிறவரிடம் யாரும் இதைக் கேட்கிறதில்ல.

"மாசத்துக்கு எத்தனை நாள் வேலை?" என்று கேள்விக்கொத்தில் இருக்கும். கொழுந்து பறிக்கிற அம்மா "இருபது" என்பாங்க. வெளியிலிருந்து வந்தவர் இருபது நாள் சம்பளம் என்று குறிச்சுக்கொண்டு போயிருவார். கொழுந்து நிறை குறைஞ்சா அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் என்பது லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். இருபதில் எத்தனை அரைப்பேர், நிறையை யார் தீர்மானிக்கிறது என்று அவள் மேலும் கேட்பாள். தரவு அங்கேதான் தொடங்குது.

1948 குடியுரிமைச் சட்டம் உண்டாக்கிய நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது என்று எழுதுவார்கள். வீட்டுக்கு இலக்கமில்லாமல், நேர்முகக் கடிதம் தோட்ட ஒபிஸில் கிடந்து திகதி கடந்து கைக்கு வந்தவர் அந்த "முடிந்தது"வை அவ்வளவு லேசாக எழுதமாட்டார்.

ஆனா அனுபவம் தானாக ஆய்வாகிவிடாது. "ஒனக்குத் தெரியாததா புள்ள?" என்று அக்காமார் பேச்சை முடிச்சிருவாங்க. நாமும் தலையாட்டினால் பதிவு செய்ய ஒன்றும் மிஞ்சாது. லயத்துக்குள்ளே இருக்கிற சாதியை எழுதவும் கை கூசும். வெளியாள் கண்ணில் அது படவே படாது.

ஆய்வாளர் தான் யார் என்று சொல்கிற பந்தி முறையியல் அத்தியாயத்தில் வேணும்தான். அதை எல்லா மாணவரிடமும் கேளுங்கள்.