வெளிநாட்டுப் பிள்ளைகள் மேடையில் ஆட மட்டும்தானா?

சாமல்பட்டியில் ரயிலேறி, ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் படிக்கப் போகிற பையனே முதல் மாதம் வாயில்லாப் பூச்சியாகத்தான் இருக்கிறான். கன்னடம் புரியாது; விடுதிச் சாப்பாடு இறங்காது. அப்படியானால் தான்சானியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வருகிற பிள்ளைகளின் கதி?

2018-இல் மத்திய அரசு 'ஸ்டடி இன் இந்தியா' என்று ஒரு திட்டமே தொடங்கி அவர்களைக் கூப்பிட்டது. வந்தவர்களைப் பல கல்லூரிகள் என்ன செய்கின்றன? ஆண்டு விழாவில் அவர்கள் ஊர் உடுப்பில் ஆட விடுகின்றன. படம் பிடித்து விளம்பரத்தில் போடுகின்றன. அதோடு சரி! மாணவர் மன்றச் செயலாளர் பதவியா? "அவனுக்கு நம்ம விஷயம் என்ன தெரியும்?" என்று பேச்சு முடிந்துவிடும்.

1888-இல் லண்டனுக்குப் படிக்கப் போன ஒரு குஜராத்திப் பையனைப் பற்றியும் வெள்ளைக்காரர்கள் அப்படி நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. 1890-இல் லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பையனுக்கோ கூட்டத்தில் எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு முக்கிய விவாதத்தில் தன் கருத்தை எழுதிக்கொண்டு போனார், படிக்க முடியவில்லை. வேறொருவர் வாங்கிப் படித்தார். அவர் பக்கம் தோற்றது. ஆனாலும் யாரும் அவரை ஒதுக்கவில்லை. சங்கத்துப் பத்திரிகையில் கட்டுரை எழுத வைத்தார்கள். பேஸ்வாட்டரில் அவர் ஒரு கிளை மன்றம் ஆரம்பித்தபோது ஜோசையா ஓல்டுஃபீல்டு தலைவராக இருக்க ஒப்புக்கொண்டார். செயலாளர் அந்தப் பையனே. பெயர் காந்தி!

நம்ம பழைய சேலம் ஜில்லாவின் குமாரமங்கலம் ஜமீன் பிள்ளை மோகன் குமாரமங்கலமும் 1938-இல் கேம்பிரிட்ஜ் யூனியன் தலைவரானார். ஆனால் அவர் ஈட்டன் பள்ளியில் படித்தவர். கை தூக்கிவிட ஆள் வேண்டியதில்லை. காந்தி மாதிரிக் கூச்சக்காரப் பிள்ளைக்குத்தான் ஆள் வேண்டும்.

பெரிய பதவியை உடனே தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. மெஸ் கமிட்டியில் ஆரம்பிக்கட்டும். மூணு வேளையும் சாம்பார் சாப்பிட்டுத் தவிக்கிறவனுக்கு அங்கே பேச நிறையவே இருக்கும்! கூட்ட அறிவிப்பை ஆங்கிலத்திலும் ஒட்டட்டும். தமிழிலேயே பேசிச் சிரித்துக் கூட்டத்தை முடித்துவிடாமல், பக்கத்தில் ஒரு சீனியர் உட்கார்ந்து எடுத்துச் சொல்லட்டும். முதல் வருஷம் துணைச் செயலாளர், அடுத்த வருஷம் செயலாளர் என்று ஏற வழி இருக்கட்டும்.

இதற்குக் கல்லூரிக்குக் காலணா செலவில்லை. வருகிற கல்வியாண்டில் கமிட்டிகளுக்குப் பெயர் எழுதும்போதே இதைச் செய்துவிடலாம். முதல்வர்கள் கவனிப்பார்களா?