இந்த எண்ணுக்கு ஆதாரம் எங்கே?

தீர்த்தமலையில் என் வயதுக்காரர்கள் அரூர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது தடித்த எழுத்தைத்தான். பக்கத்திலேயே 'நார்மல்' என்று இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். நம் எண் அதைத் தாண்டிவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. அந்த இரண்டு எண்களையும் யாரை அளந்து போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். அரசாணை எண்ணும் தேதியும் இல்லாத குறிப்பு திரும்பி வரும் என்று ஆபீசில் பழகியவன் நான்.

பிரெஞ்சு வழியில் படித்ததால் 'நார்மல்' என்ற சொல்லின் வேர் எனக்குத் தெரியும். லத்தீனில் 'நோர்மா' என்றால் தச்சரின் மூலைமட்டம். மனித உடம்பு பலகை அல்ல. பின்லாந்தைச் சேர்ந்த கிராஸ்பெக், சாரிஸ் என்ற இருவர் 1969-லேயே இந்தச் சொல் வேண்டாம், 'ரெஃபரன்ஸ்' அளவு என்று சொல்லுங்கள் என்றார்கள். அதாவது, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு. அவ்வளவுதான்.

கணக்கு போடும் முறை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஆரோக்கியமான 120 பேரை அளந்து, எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுத வேண்டும். மூன்றாவது எண் கீழ் எல்லை, 118-வது எண் மேல் எல்லை. இரண்டு ஓரத்திலும் சுமார் இரண்டரை சதவீதம் பேர் வெளியே நிற்பார்கள். ஆக, நோயே இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்குத் தடித்த எழுத்து விழும்படிதான் கணக்கே அமைந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகள் செய்தால், ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்கு 64 பேருக்கு ஓர் இடத்திலாவது அது வந்துவிடும். 'மாஸ்டர் செக்கப்' விளம்பரங்களில் இதைப் பார்த்திருக்கிறீர்களா?

சரி, அந்த 120 பேர் யார்? பல லேப்களில் பரிசோதனைக் கிட்டோடு வரும் தாளில் இருக்கும் எண்ணையே அப்படியே அச்சடிக்கிறார்கள். யாரோ எங்கேயோ அளந்தது.

இதனால் என்ன வந்துவிடும் என்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள். நம் நாட்டில் 2016 முதல் 2018 வரை பிள்ளைகளின் ஊட்டச்சத்து பற்றிய தேசியக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் ஆரோக்கியமான பிள்ளைகளின் ரத்த முடிவுகளை வைத்து ஹீமோகுளோபினுக்குப் புதிய எல்லை கணக்கிட்டு, 2021-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைப்படி ரத்தசோகை உள்ளவர்கள் 30 சதவீதம்; புதிய எல்லைப்படி 10.8 சதவீதம். எது சரி என்று மருத்துவர்கள் விவாதிக்கட்டும். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், கோடுதான் நகர்ந்தது.

அடுத்தது நம் வயதுக்கானது, தைராய்டு டி.எஸ்.எச். அமெரிக்காவில் தைராய்டு நோய் இல்லாதவர்களின் அளவுகளை வயதுவாரியாகப் பிரித்து 2007-ல் வெளியிட்டார்கள். இருபதுகளில் இருப்பவர்களுக்கு மேல் எல்லை 3.56. எண்பதைத் தாண்டியவர்களுக்கு 7.49. நம் தாளிலோ பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே எல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள், அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 126 என்பது இப்படி ஆட்களை வரிசைப்படுத்திப் போட்ட கோடு அல்ல. அதற்கு மேல் போனால் கண் முதலானவை கெடும் என்று பார்த்துப் போட்டது. அதை 'வெளிநாட்டுக் கணக்கு' என்று தள்ளுவது முட்டாள்தனம்.

சின்ன லேப் 120 பேருக்கு எங்கே போகும் என்பார்கள். போக வேண்டாம். கடன் வாங்கிய எல்லையை 20 ஆரோக்கியமான உள்ளூர்க்காரர்களிடம் சோதித்து, இரண்டு பேருக்கு மேல் வெளியே போகாவிட்டால் வைத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டுதலே இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வேறு வழியும் உண்டு. குவிந்து கிடக்கும் பழைய முடிவுகளிலிருந்தே ஆரோக்கியமானவர்களின் பங்கைக் கணக்கில் பிரித்தெடுக்கலாம். அதற்கு உலகம் எடுத்தாண்ட முறைகளில் ஒன்று 1967-ல் பட்டாச்சார்யா என்ற நம் நாட்டுக்காரர் எழுதியது. இன்று 'ஆர்' மென்பொருளில் 'ரிஃபைன்ஆர்' என்ற தொகுப்பு இலவசமாகவே அந்த வேலையைச் செய்கிறது. மும்பை இந்துஜா மருத்துவமனையினர் ஆட்களை நேரடியாகத் திரட்டி அளந்து, 33 பரிசோதனைகளுக்கு இந்திய எல்லைகளை 2018-ல் வெளியிட்டார்கள். தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனம் இருந்தால் நடக்கும்.

ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரமும், எல்லைகளின் ஆதாரம் பதிவில் இருக்க வேண்டும், அங்கே வரும் மக்களுக்குப் பொருந்த வேண்டும் என்றுதான் சொல்கிறது. நான் கேட்பது அந்த ஆதாரத்தை ரிப்போர்ட்டின் அடியில் ஒரே ஒரு வரியாக அச்சிடுங்கள் என்பதுதான். எங்கிருந்து எடுத்தது, எந்த வயதுக்கு, எந்த ஆண்டு. அடுத்த முறை நீங்களும் கவுன்ட்டரில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். ஐம்பது பேர் கேட்டால் அச்சடிப்பார்கள்.