ஆஸ்பத்திரி அருகில், வழியோ அரிது!

நாட்டின் இரண்டாவது தேசிய வைத்தியசாலை கண்டி மாநகரிலே இருக்கின்றது. பேராதனையில் போதனா வைத்தியசாலை இருக்கின்றது. இரண்டிலும் சிகிச்சை இலவசம். இவ்விலவச மருத்துவம் இந்நாட்டின் பெருஞ்செல்வம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், வைத்தியசாலையின் வாயிலுக்கு வந்துசேர வழியற்ற ஏழைக்கு அச்செல்வத்தால் விளையும் பயன் யாது?

மகியாவையை எடுத்துக்கொள்வோம். நகரைத் துப்புரவாக்க வெள்ளையர் தமிழகத்திலிருந்து கொணர்ந்த தொழிலாளரின் சந்ததியார் நெருக்குண்டு வாழும் இடம் அது. இந்திய வம்சாவளி மக்களை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. வாக்கற்றவன் வாழும் ஒழுங்கையைச் செப்பனிட எந்த அரசியல்வாதி முன்வருவான்? எஞ்சியோருக்கு 2003இல் பிரஜாவுரிமை கிட்டியது. அரை நூற்றாண்டுப் புறக்கணிப்போ அத்துடன் அகன்றுவிடவில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரி இரண்டொரு கல் தொலைவே. எனினும், படியிறங்கி, நெரிசலில் பஸ் ஏறி, கிளினிக் வரிசையில் காத்து நிற்கும் நீரிழிவு நோயாளி அன்றைய கூலியை இழக்கின்றான். முச்சக்கர வண்டி அமர்த்தினால் கைப்பொருளும் கரைகின்றது. 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்து, பஸ் கட்டணம் அடுத்தடுத்து உயர்ந்தபோது, இலவச மருந்தின் உண்மை விலையை ஏழைகள் நன்குணர்ந்தனர். ஹந்தானை, கலஹா தோட்டத்தாரின் நிலையும் இதுவே. ஹேவாஹெட்டை விவசாயியின் மரக்கறியை ஏற்ற லொறி வருகின்றது. அவன் நோயுற்ற தாயை ஏற்ற பஸ் வருமென்ற உறுதி இல்லை.

இந்திய உதவியுடன் 2016இல் தொடங்கப்பெற்ற 1990 அம்புலன்ஸ் சேவை போற்றத்தக்கது. ஆயினும், வாகனம் நுழைய முடியாத ஒழுங்கைகளில் நோயாளியைத் தெருவரை சுமப்பவர் அயலவரன்றோ?

1958இல் பஸ் சேவையைத் தேசியமயமாக்கியபோது, இலாபத்தைவிட மக்கள் சேவையே பெரிதென்று கூறப்பட்டது. அதனை ஆட்சியாளர் நினைவுகூர வேண்டும். கிளினிக் நாட்களில் விடியற்காலையிலே ஆஸ்பத்திரிக்கு நேர் பஸ் வேண்டும். படிக்கட்டுகளுக்குக் கைபிடியும் விளக்கும் வேண்டும். இது மாநகரசபையின் கடமை. குடியிருப்பின் அருகே மாதமொருமுறை கிளினிக் நடைபெற வேண்டும். 2020 ஊரடங்கின்போது தபாற்காரர் கிளினிக் மருந்துகளை வீடுதேடிக் கொண்டுசென்றனர். அன்று இயன்றது இன்று ஏன் இயலாது?

நகரைத் துப்புரவு செய்து பிறர் நலம் காப்போர் தம் நோய்க்கு மருந்து பெற ஒருநாட் கூலியைப் பறிகொடுப்பது நீதியாகாது. இவை சலுகைகளல்ல, உரிமைகள். கட்சி வேறுபாடின்றி நம் பிரதிநிதிகள் இவற்றை மாநகரசபையிலும் பாராளுமன்றத்திலும் எழுப்ப வேண்டுமென வற்புறுத்துகின்றோம்.