உயிரணுவும் இறைபக்தியும்

உயிர் இயங்குவது இரசாயன மாற்றங்களால் என்று விஞ்ஞானம் கூறக்கேட்டு, இறைபக்தி குன்றிவிடுமோ என அஞ்சுவோர் நம்மிற் பலர். இவ்வச்சம் வேண்டா என்பதே எம் கருத்து.

உயிரணுவினுள் நிறைந்துள்ள புரோட்டோபிளாசம் என்னும் கூழ்போன்ற பொருள் கணமேனும் ஓய்வதில்லை. நாம் உண்ட உணவின் ஆற்றல் அங்கே அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளிற் சேர்ந்து, வேண்டும்போது செலவாகின்றது. உடம்பில் எப்போதும் சிறிதளவே உள்ள அப்பொருள், இடையறாது புதுப்பிக்கப்படுதலின், ஒரு நாளில் ஏறத்தாழ உடலின் எடையளவு செலவாகின்றது.

1929இல் இதனைக் கண்டறிந்தோருள் ஒருவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். எம் கோபாலபுரத்திற்கு அண்மையிலுள்ள திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் ஆராய்ந்தவர். இளமையில் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து துறவு பூண விழைந்தவரும் அவரே. ஆன்மத் தேட்டம் எழுந்த உள்ளத்திலேயே ஆராய்ச்சி வேட்கையும் எழுந்தது.

கடவுள் மனிதனை மண்ணினால் உருவாக்கினார் என நம்பும் கிறிஸ்தவ மாணவராகிய யாம், அம்மண்ணின் தொழிலை அறிய அஞ்சுவதேன்? படைப்பை அறிதல் படைத்தவரை மறத்தலன்று. தமிழ் பயிலும் தோழர்காள்! விஞ்ஞான கூடத்தின் வாயிலில் தயங்கி நில்லாது, உள்ளே சென்று காண்மின்.