பஞ்சாபில் ஒரு ‘அமெரிக்க’ப் பன்றி

கொல்கத்தா சௌரங்கியிலுள்ள இந்திய அருங்காட்சியகத்துக்கு வருபவர்கள் தேடிப் போவது எகிப்திய மம்மியைத்தான். சிவாலிக் மலைப் புதைபடிவங்களில் நீளத் தந்தம் கொண்ட ஸ்டெகோடானுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. பழங்காலப் பன்றிகளின் பற்களை நின்று பார்ப்பவர்கள் அபூர்வம்.

நிபுணர்களுக்கோ அந்தப் பற்கள்தான் தலைவலி. 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைமையகம் கொல்கத்தா. 1884இல் ரிச்சர்ட் லிடெக்கர், 1926இல் கை பில்கிரிம் என இருவர் அத்துறைக்காக சிவாலிக் பன்றிகளை வகைப்படுத்தினார்கள். கணக்கு முடிந்தது என்று நினைத்தால், 1933இல் நியூயார்க்கிலிருந்து ஒரு புதுப் பெயர் வந்தது: பெக்காரிகோரஸ் ஓரியன்டாலிஸ். அதாவது, கிழக்கத்திய பெக்கரிப் பன்றி.

பெயர் வைத்தவர் எட்வின் கோல்பர்ட். ஆதாரம், டைரனோசாரஸ் புகழ் பார்னம் பிரவுன் 1922இல் சிவாலிக் பகுதிகளில் திரட்டிய எலும்புகள். கிடைத்த இடம் சின்ஜி. இன்று அது பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது. அங்குள்ள பாறைகளுக்கு வயது ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

பெக்கரி, பார்வைக்கு நம்மூர்க் காட்டுப்பன்றியின் தம்பி. ஆனால் காட்டுப்பன்றியின் மேல் கோரைப்பல் வெளியே வளைந்து மேலேறும். பெக்கரிக்கு நேராகக் கீழிறங்கும். பின்னங்காலில் பன்றிக்கு நான்கு விரல், பெக்கரிக்கு மூன்று. முதுகில் ஒரு வாசனைச் சுரப்பி வேறு (வாசனை என்பது மரியாதைக்கு). இன்றுள்ள மூன்று இனங்களும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. அவற்றுக்கு இந்தியாவில் உறவினர் என்றால் சாதாரண விஷயமா?

முழு மண்டையோடும் கால்களும் கிடைத்திருந்தால் வழக்கு சீக்கிரம் முடிந்திருக்கும். கையிலிருந்தவை பற்கள். எளிய மேடுகள் கொண்ட கடைவாய்ப்பல் பெக்கரிக்கும் உண்டு, ஆதிகாலப் பன்றிகளுக்கும் உண்டு. பல்லை நம்பி ஏமாந்த கதை அதற்கு முன்பே நடந்திருக்கிறது. லிஸ்ட்ரியோடான் என்ற பஞ்சாப் பன்றியின் பல்லில் குறுக்கு வரப்புகளைப் பார்த்த ஹியூ ஃபால்கனர், அதை டேபிர் என்றே எண்ணினார்.

பெக்காரிகோரஸ் அமெரிக்கப் பெக்கரிகளின் மூதாதை அல்ல, ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்து அழிந்த பேலியோகோரிடே என்ற தனிக் குடும்பம் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள் பலர். பெக்கரிக்கு நெருக்கமா, பன்றிக்கு நெருக்கமா என்ற சர்ச்சை தீரவில்லை. பெயர் மட்டும் மாறாது. முறைப்படி முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது விலங்கியல் சட்டம்.

அர்ஜென்டினாவில் 1930இல் ஒரு பெக்கரிக்குப் புதைபடிவத்தை வைத்துப் பெயரிட்டார்கள், அழிந்த இனம் என்று. 1970களில் அது பராகுவேயின் சாக்கோ புதர்க்காட்டில் உயிரோடு திரிந்துகொண்டிருந்தது. அங்கே பல்லை வைத்து வாதாட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.