விசா தேதி வேறு, தங்கும் தேதி வேறு

திருத்துறைப்பூண்டியிலிருந்து அமெரிக்காவில் உள்ள பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் ரிட்டயர் ஆனவர்கள், பாஸ்போர்ட்டில் 10 வருட விசாவைப் பார்த்ததும் நிம்மதியாகி விடுகிறார்கள். வாசல்வரை போய்க் கதவைத் தட்டத்தான் அது உதவும். எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஐ-94 பதிவுதான் சொல்லும். பெரும்பாலும் 6 மாதம். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்காமல் ஒரு நாள் தாண்டினாலும் விசா செல்லாது. விமானத்தில் வருவோருக்கு 2013 முதல் இது காகிதமாகத் தரப்படுவதில்லை. இணையதளத்தில் பார்த்து நாமே பிரிண்ட் எடுக்க வேண்டும். இறங்கிய வாரமே எடுத்து விடுங்கள்.

வைத்தியம்தான் பெரிய கவலை. விசிட்டர் விசாவில் போனவர்களுக்கு மெடிகேர் கிடையாது. பயண இன்சூரன்ஸ் பலவும் பழைய சர்க்கரை, பி.பி.க்குக் கைவிரிக்கும். புதுக் கம்ப்யூட்டரில் கேம்ஸ் அப்புறம் ஏற்றலாம். முதலில் அப்பாவின் மருந்துச் சீட்டுகளை ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வையுங்கள். நம்மூர் மாத்திரையின் கம்பெனிப் பெயர் அங்கே புரியாது. மருந்தின் மூலப்பெயரையும் டைப் செய்யுங்கள்.